மசோதா மயங்கி விழுந்தால் 108-ஐ அழைக்கலாமா?

2002 மார்ச் 21, இரவுப் பணி. நான் அப்போது ஒரு நாளிதழில் துணை ஆசிரியர். பொடா என்ற பயங்கரவாதத் தடுப்பு மசோதா மாநிலங்களவையில் தோற்றுவிட்டது என்று டெல்லியிலிருந்து செய்தி வந்தது: ஆதரவு 98, எதிர்ப்பு 113. 'செத்தது பொடா' என்று பெரிய எழுத்தில் தலைப்பு எழுதி நீட்டினேன். செய்தி ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "டெத் சர்டிபிகேட் யாருப்பா குடுத்தது, நீயா?" என்றார். தலைப்பின் மேல் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. ஐந்தே நாளில், மார்ச் 26 அன்று, இரு அவைகளும் ஒன்றாகக் கூடியபோது அதே மசோதா 425-க்கு 296 என்ற கணக்கில் நிறைவேறியது.

அன்றிரவு அவர் சொன்ன பாடம் இதுதான்: "யார் ஜெயிச்சாங்கன்னு அப்புறம் பாரு. அது என்ன மசோதான்னு முதல்ல பாரு." இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். எங்கள் ஊர்க் கிளை நூலக மாடியில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். மக்களவை 'சரி' என்று, மாநிலங்களவை 'முடியாது' என்றால் அடுத்து என்ன ஆகும் என்பதைச் செய்தி வரும் முன்பே ஓரளவு நீங்களே கணித்துவிடலாம். ஒரு காலண்டர், ஒரு பென்சில், நாடாளுமன்றத்தின் சன்சாத் இணையதளம், இவ்வளவு போதும்.

முதலில் மசோதாவின் ஜாதகம்

இணையதளத்தில் மசோதாவின் பக்கத்தைத் திறந்து அதன் எண்ணைப் பாருங்கள். மக்களவையில் பிறந்த மசோதாவுக்குச் சாதாரண எண் இருக்கும். மாநிலங்களவையில் பிறந்ததென்றால் ரோமன் எண். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் மசோதா காலாவதியாகுமா, ஆகாதா என்ற கேள்வி வரும்போது இதுதான் கைகொடுக்கும். அடுத்து பெயரைப் பாருங்கள். 'அரசியலமைப்பு (திருத்த) மசோதா' என்று இருந்தால் அது தனி ரகம். பண மசோதாவா (வரி, அரசுச் செலவு போன்ற விஷயங்கள் மட்டுமே கொண்டதா) என்பது மட்டும் பெயரில் தெரியாது. அதைத் தீர்மானிப்பவர் சபாநாயகர். மக்களவையிலிருந்து மாநிலங்களவைக்குப் போகும் பிரதியில் 'இது பண மசோதா' என்ற அவருடைய சான்று இருக்கும்.

இங்கே தமிழில் ஒரு குழப்பம் உண்டு. பட்ஜெட்டோடு வருவதையும் 'நிதி மசோதா' என்கிறோம்; அரசியலமைப்பின் பிரிவு 117 சொல்லும் வகையையும் 'நிதி மசோதா' என்கிறோம். முதலாவது பெரும்பாலும் பண மசோதாவாகவே சான்று பெறும். இரண்டாவது வகையை மாநிலங்களவை தாராளமாகத் திருத்தலாம், தோற்கடிக்கவும் செய்யலாம். தேர்வில் இந்த ஒரு சொல்லால் மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆக மூன்று ரகம்: பண மசோதா, அரசியலமைப்புத் திருத்தம், மற்ற சாதாரண மசோதாக்கள். இந்தப் பாடம் எடுத்த அன்று, பின்வரிசையில் இருந்த ஒரு பெண் பிரிவு 108 என்று கேட்டதும், "மசோதா மயங்கி விழுந்தா 108-ஆ சார்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நான் தேடினாலும் இவ்வளவு நல்ல ஞாபகக் குறி கிடைத்திருக்காது. பிரிவு 108 என்பது கூட்டுக் கூட்டம். இரு அவைகளும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே ஓட்டெடுப்பில் தகராறைத் தீர்த்துக்கொள்வது. என்ன ஒன்று, இந்த ஆம்புலன்ஸ் எல்லோருக்கும் வராது.

பண மசோதா என்றால் சண்டையே இல்லை

பண மசோதாவை மாநிலங்களவை தோற்கடிக்க முடியாது. 14 நாள் வைத்திருக்கலாம், 'இதை இப்படி மாற்றுங்கள்' என்று பரிந்துரைக்கலாம். மக்களவை ஏற்றாலும் ஏற்கலாம், குப்பைக்கூடையில் போட்டாலும் போடலாம். 14 நாளுக்குள் திருப்பி அனுப்பாவிட்டால் இரு அவையும் நிறைவேற்றியதாகவே கணக்கு.

இதைக் கண்ணால் பார்க்க 2016-இன் ஆதார் மசோதாவைப் பாருங்கள். பண மசோதாவாக வந்தது. மார்ச் 11 அன்று மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் ஆளும் தரப்புக்குப் பெரும்பான்மை இல்லை. மார்ச் 16 அன்று அந்த அவை 5 திருத்தங்களோடு திருப்பி அனுப்பியது. அன்றே மக்களவை ஐந்தையும் தள்ளிவிட்டது, மசோதா நிறைவேறிவிட்டது. அவ்வளவுதான் கதை. ஆகவே இந்த ரகத்தில் உண்மையான சண்டை ஓட்டெடுப்பில் நடப்பதில்லை. 'இது பண மசோதாதானா' என்பதில்தான் நடக்கிறது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் ஆதாரை ஏற்றார்கள். ஐந்தாமவர் டி. ஒய். சந்திரசூட், பண மசோதா என்ற பெயரில் கொண்டுவந்ததே அரசியலமைப்பின் மீதான மோசடி என்று எழுதினார். அடுத்த ஆண்டு வேறொரு வழக்கில் இந்தக் கேள்வி ஏழு நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. என்னைக் கேட்டால், கூட்டுக் கூட்டம் என்ற முன்வாசல் இருக்கும்போது இந்தப் பக்கவாசலை நாடுவது மேலவை என்ற ஏற்பாட்டையே கேலிக்கூத்தாக்குகிறது. வகுப்பில் இதைச் சொல்வதில்லை, இங்கே சொல்லிவைக்கிறேன்.

அரசியலமைப்புத் திருத்தம்: ஆம்புலன்ஸ் வராத தெரு

திருத்த மசோதாவை இரு அவைகளும் தனித்தனியாக நிறைவேற்ற வேண்டும். ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அதோடு வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு அவை மறுத்தால் முடிந்தது கதை. கூட்டுக் கூட்டம் கிடையாது. 'செத்தது' என்று தலைப்புப் போட வேண்டுமானால் இங்கே தைரியமாகப் போடலாம்.

1970 செப்டம்பரில், பழைய சமஸ்தான மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த மன்னர் மானியத்தை ஒழிக்கும் திருத்தம் மக்களவையைத் தாண்டி மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. மொத்தம் 224. அதில் மூன்றில் இரண்டு பங்கு 149.33. கரும்பலகையில் இந்த வகுத்தலைப் போட்டுக் காட்டும்போது ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் "ஐயோ" என்பார்கள். ஒரு ஓட்டில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததால் இந்திரா காந்தி அரசின் மசோதா விழுந்தது. மறு ஆண்டு, தேர்தலுக்குப் பிறகு, 26-ஆவது திருத்தமாகத்தான் அது நிறைவேறியது. ராஜீவ் காந்தி காலத்தில் பஞ்சாயத்து, நகராட்சித் திருத்தங்கள் இரண்டும் 1989 அக்டோபரில் இதே அவையில் இதே மாதிரி தோற்றன.

கூட்டுக் கூட்டம் இல்லை என்றால் அரசு என்ன செய்யும்? இறங்கிவரும். ஜிஎஸ்டி திருத்தம் 2015 மே மாதமே மக்களவையில் நிறைவேறிவிட்டது. மாநிலங்களவையில் சிக்கி, மசோதாவை ஆராயும் தெரிவுக்குழுவுக்குப் போய், பேச்சுவார்த்தை மேல் பேச்சுவார்த்தை நடந்தது. மாநிலங்களுக்கிடையே போகும் சரக்குக்கு 1 சதவீதக் கூடுதல் வரி என்ற பகுதியை அரசு கைவிட்டது. 2016 ஆகஸ்ட் 3 அன்று மாநிலங்களவை திருத்தங்களோடு நிறைவேற்றியது. எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்லை. அதிமுக மட்டும் வெளிநடப்பு செய்தது. திருத்தப்பட்ட வடிவத்தை மக்களவை மீண்டும் ஏற்க வேண்டுமல்லவா? ஆகஸ்ட் 8 அன்று ஏற்றது. இரண்டு அவைகள் ஒத்துப்போவது எப்படி என்று கேட்டால் நான் காட்டும் உதாரணம் இதுதான், பொடா அல்ல. எண்ணிக்கையால் மிதித்துப் போக வழியில்லாதபோதுதான் பேசுகிறார்கள்.

சாதாரண மசோதா: மூன்று வாசல்

இனிதான் 108. ஒரு அவை நிறைவேற்றிய மசோதா மற்ற அவைக்குப் போனபின் மூன்றில் ஒன்று நடந்தால் கூட்டுக் கூட்டத்துக்கு வாசல் திறக்கும். முதலாவது, மற்ற அவை அடியோடு நிராகரிப்பது. இரண்டாவது, திருத்தங்களில் இரு அவைகளும் இறுதியாக முரண்படுவது. மூன்றாவது, ஆறு மாதத்துக்கு மேல் நிறைவேற்றாமல் வைத்திருப்பது.

இரண்டாவதைக் கவனமாகப் பாருங்கள். மாநிலங்களவை திருத்துகிறது, மக்களவை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்புகிறது, மாநிலங்களவை 'என் திருத்தம் வேண்டும்' என்று மீண்டும் பிடிவாதம் பிடிக்கிறது. அந்தச் செய்தி வந்து சேர்ந்ததுமே 'இறுதியாக முரண்பட்டன' என்று விதி எடுத்துக்கொள்கிறது. பிரிட்டனில் இது பல தடவை போய்ப் போய் வரும். அங்கே அதைப் பிங்பாங் என்றே சொல்வார்கள். நம் ஊரில் பந்து அத்தனை தடவை வலையைத் தாண்டாது. இந்தச் செய்திகளை ஒரு அவையின் செகரட்டரி ஜெனரல் இன்னொரு அவைக்கு எழுதுவார், அவையில் வாசிப்பார்கள். அன்றைய புல்லட்டினில் பதிவாகியிருக்கும். 'திருத்தம் எதுவுமின்றி ஒப்புக்கொண்டது' என்பதற்கும் 'கீழ்க்கண்ட திருத்தங்களுடன் நிறைவேற்றியது' என்பதற்கும் இடையில்தான் உங்கள் தலைப்பு இருக்கிறது. டிவியில் கத்துபவர்களை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் படியுங்கள்.

மூன்றாவது வாசலுக்குத்தான் காலண்டரும் பென்சிலும். 'ஆறு மாதம்' என்றதும் பிப்ரவரியில் வந்தால் ஆகஸ்ட் என்று எண்ணிவிடாதீர்கள். கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்ட காலத்தையும், அவை தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் ஒத்திவைக்கப்பட்ட காலத்தையும் கழிக்க வேண்டும். மாநிலங்களவைக்கு மசோதா வந்த நாளில் ஒரு வட்டம் போடுங்கள். சனி, ஞாயிறு கணக்கில் சேரும், கழிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை விடுமுறையும் சேர்ந்து மூன்று நாள் ஆனாலும் சேரும். நான்கு நாள்வரை பரவாயில்லை. ஐந்தாவது நாளும் அவை கூடவில்லை என்றால் அந்த இடைவெளி முழுவதையும் அடித்துவிடுங்கள். பட்ஜெட் தொடரின் நடுவே வரும் இடைவேளை அப்படியே போய்விடும். ஓர் ஆண்டில் மூன்று தொடரும் சேர்ந்து 13 வாரம் என்று வைத்துக்கொண்டால், எண்ணத் தேறுவது 91 நாள். ஆக ஆறு மாதம் நிரம்பக் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு பிடிக்கும். இதைக் கழித்துப் பார்த்தால்தான், இந்த வாசல் வழியாக இதுவரை ஒரு கூட்டுக் கூட்டம்கூட ஏன் நடக்கவில்லை என்பது புரியும்.

வாசல் திறந்தாலும் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. குடியரசுத் தலைவர் கூட்ட'லாம்' என்றுதான் 108 சொல்கிறது; அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். எனவே முடிவு அரசின் கையில். 2015-இல் நிலம் கையகப்படுத்தும் சட்டத் திருத்தம் மக்களவையைத் தாண்டியபின், கூட்டுக் கூட்டம் வரும் வரும் என்று பேச்சு அடிபட்டது. வரவில்லை. அவசரச் சட்டத்தைக் காலாவதியாக விட்டு அரசு ஒதுங்கிக்கொண்டது.

தலை எண்ணுவது

அரசு கூட்டுமா, கூட்டாதா என்பதை ஊகிக்கத் தலைகளை எண்ணுங்கள். இன்று மக்களவை 543, மாநிலங்களவை 245, மொத்தம் 788. எல்லோரும் வந்தால் 395 வேண்டும். ஆனால் வந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மைதான் கணக்கு. 2002-இல் வாக்களித்தவர்கள் 721 பேர். 361 இருந்தால் போதும், 425 கிடைத்தது. மாநிலங்களவையில் 15 ஓட்டில் தோற்ற மசோதா, கூட்டுக் கூட்டத்தில் 129 ஓட்டில் ஜெயித்தது. ஒரு உறுப்பினரும் மனம் மாற வேண்டியதில்லை. அறை பெரிதானால் போதும். அப்போது அவசரமும் இருந்தது: பொடாவுக்கு முன்னோடியான அவசரச் சட்டம் அவை கூடி ஆறு வாரத்தில் காலாவதியாகும், கூட்டத்தொடரோ பிப்ரவரி இறுதியிலேயே தொடங்கிவிட்டது.

அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியது யார்? 'குடியரசுத் துணைத் தலைவர்' என்று எழுதினால் தவறு. அவர் மாநிலங்களவைத் தலைவராக இருந்தாலும் இங்கே அவருக்கு வேலை இல்லை, சபாநாயகர்தான். ஆனால் சபாநாயகர் பாலயோகி மார்ச் 3 அன்றுதான் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்திருந்தார். அதனால் துணை சபாநாயகர் பி. எம். சயீத் நடத்தினார். பொடாவை ஆதரித்த கூட்டணியில் இருந்த வைகோவே அந்த ஜூலையில் அதே சட்டத்தில் கைதாகி வேலூர்ச் சிறைக்குப் போனது வேறு கதை.

இதற்கு முன் இரண்டே தடவைதான் கூட்டுக் கூட்டம். 1961 மே மாதம் வரதட்சணைத் தடை மசோதா. வரதட்சணை என்றால் எது என்ற வரையறையில் இரு அவைகளும் ஒத்துப்போகவில்லை. இரண்டாவது வாசல் வழியாக வந்தது இது ஒன்றுதான். அப்புறம் 1978 மே மாதம் வங்கிப் பணி ஆணையத்தை நீக்கும் மசோதா. மொரார்ஜி தேசாய் அரசுக்கு மாநிலங்களவையில் பலம் இல்லாததால் அங்கே நிராகரிக்கப்பட்டு முதல் வாசல் வழியாக வந்தது. மூன்று தடவையும் மசோதா நிறைவேறிவிட்டது.

கூட்டுக் கூட்டத்தில் புதிதாக எதை வேண்டுமானாலும் நுழைக்க முடியாது. முரண்பட்ட திருத்தங்கள், அவற்றை ஒட்டியவை, காலதாமதத்தால் அவசியமானவை, இவ்வளவுதான் எடுக்கலாம். 2023-இல் திறந்த புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில், முன்பு கூட்டுக் கூட்டம் நடந்த மைய மண்டபம் போல ஒன்று இல்லை. மக்களவை அரங்கிலேயே 1,272 பேர்வரை உட்காரலாம். நான்காவது தடவை நடந்தால் அங்கேதான் நடக்கும்.

பெயர் ஏமாற்றும் இடங்கள்

ஜனவரியில் குடியரசுத் தலைவர் உரையாற்றுவதையும் 'கூட்டுக் கூட்டம்' என்றே எழுதுகிறோம். அது பிரிவு 87. அங்கே ஓட்டெடுப்பு கிடையாது, தகராறும் தீராது. கூட்டுக்குழு என்பது வேறு. அது மசோதாவை அலசி அறிக்கை தரும் சில பத்து உறுப்பினர்களின் குழு. அவைகள் மோதிக்கொள்ளும் முன்பே வருவது. 'மசோதா கூட்டுக்குழுவுக்குப் போனது' என்றால் 108 வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. 2010-இல் மாநிலங்களவை நிறைவேற்றிய மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா 108-ஆவது திருத்த மசோதா. அந்த 108-க்கும் இந்த 108-க்கும் சம்பந்தமே இல்லை.

அந்த மசோதாவின் முடிவில் ஒரு பாடம் இருக்கிறது. மக்களவையில் எடுக்காமலேயே 2014-இல் அவை கலைந்தது, மசோதாவும் போனது. மக்களவையில் நிலுவையில் இருப்பதும், மக்களவை நிறைவேற்றி மாநிலங்களவையில் கிடப்பதும் மக்களவை கலையும்போது காலாவதியாகும். மாநிலங்களவையில் பிறந்து இன்னும் மக்களவைக்கு வராதது மட்டும் பிழைக்கும். ரோமன் எண்ணைப் பார்க்கச் சொன்னது இதற்குத்தான். இன்னொரு விதிவிலக்கு: கூட்டுக் கூட்டம் கூட்டப்போவதாகக் குடியரசுத் தலைவர் அறிவித்தபின் மக்களவை கலைந்தால், அந்த மசோதா சாகாது. முத்தலாக் மசோதா 2017 டிசம்பரில் மக்களவையைத் தாண்டி மாநிலங்களவையில் தேங்கியது. 16-ஆவது மக்களவையோடு காலாவதியாகி, புதிய மக்களவையில் மறுபடி முதலிலிருந்து வந்தது. 2019 ஜூலை 30 அன்று மாநிலங்களவையில் 99-க்கு 84. கூட்டுக் கூட்டத்தைவிடக் காத்திருப்பது சுலபம் என்று அரசுகள் நினைப்பது இதனால்தான்; மாநிலங்களவையில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் மாறுகிறார்கள்.

கடைசியாக, மாநிலங்கள்

வகுப்பில் அந்தப் பெண் இன்னொரு கேள்வியும் கேட்டாள்: "நம்ம சட்டமன்றத்துக்கு 108 உண்டா சார்?" கிடையாது. முதலில் நமக்கு இரண்டாவது அவையே இல்லை. தமிழ்நாட்டு மேலவை 1986 நவம்பர் 1 அன்று முடிந்தது. 2010-இல் மீண்டும் கொண்டுவரச் சட்டம் வந்தும், மறு ஆண்டு ஆட்சி மாறியதும் பேரவை அது வேண்டாம் என்று தீர்மானம் போட்டுவிட்டது. மேலவை உள்ள ஆறு மாநிலங்களிலும்கூடக் கூட்டுக் கூட்டம் இல்லை. பிரிவு 197-இன்படி மேலவை முதல் தடவை மூன்று மாதம், பேரவை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் ஒரு மாதம் தாமதிக்கலாம். அதற்கு மேல் பேரவை சொன்னதுதான் சட்டம்.

ஆந்திராவில் 2020 ஜனவரியில் மாநிலத்துக்கு மூன்று தலைநகரங்கள் அமைக்கும் மசோதாக்களை மேலவை தெரிவுக்குழுவுக்கு அனுப்பியது. கோபத்தில் பேரவை மேலவையையே ஒழிக்கத் தீர்மானம் போட்டது. ஆனால் மசோதாக்களைக் கரை சேர்த்தது அந்தக் கோபம் அல்ல. ஜூனில் பேரவை மறுபடி நிறைவேற்றி அனுப்பியது, ஒரு மாதம் ஓடியது, ஜூலை 31 அன்று ஆளுநர் ஒப்புதல் வந்தது. மறு ஆண்டு நவம்பரில் அதே அரசு அந்தச் சட்டங்களையும் திரும்பப் பெற்றது, மேலவை ஒழிப்புத் தீர்மானத்தையும் திரும்பப் பெற்றது.